நானே விட்டுட்டு வந்துட்டேன்

எங்கள் கடற்கரையில் யாருக்கும் வேலை போனதே இல்லை. தேவிபட்டினத்திலிருந்து தொண்டி வரைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எந்த டீக்கடையில் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். திருப்பூரிலிருந்து வந்தவர், ஒரகடத்திலிருந்து வந்தவர், சார்ஜாவிலிருந்து வந்தவர் என்று எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "நானே வேணாம்னு விட்டுட்டு வந்துட்டேன்." கம்பெனி ஷட்டரை இழுத்து மூடியிருக்கும். பாதிப் பேரைக் கணக்குத் தீர்த்து அனுப்பியிருப்பார்கள். ஆனாலும் விட்டது இவர்தான்.

நான் ஊர் திரும்பியபோது அம்மா முதலில் சொல்லிக்கொடுத்ததும் இதைத்தான். "யாராச்சும் கேட்டா நீயா வந்துட்டேன்னு சொல்லு. போகச் சொல்லிட்டாங்கன்னு வாயத் தொறந்துறாத." அம்மாவைக் குறை சொல்ல முடியாது. தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். அண்ணனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்ற பேச்சு பரவினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். ஊரில் அப்படித்தான் சொன்னேன். ஆனால் எழுத்தில், எந்தத் தாளிலும், அப்படிச் சொல்லவில்லை. அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேலையில்லாத காலத்துக்குப் பணம் வாங்குவது எங்கள் ஊருக்குப் புதிதே கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்தது, 2017-இல் 61 ஆனது. அந்தக் காலத்துக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று அரசு நிவாரணம் கொடுக்கிறது. அதை 8,000 ரூபாய் ஆக்குவதாக 2023-இல் முதல்வர் ஸ்டாலின் அறிவித்ததுகூட எங்கள் மாவட்டத்தில்தான், மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில். அது போக, சேமிப்பு நிவாரணத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. மீனவர் 1,500 கட்டினால் மத்திய, மாநில அரசுகள் 3,000 சேர்த்து 4,500 ஆகத் திருப்பித் தரும். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மழைக்கால நிவாரணம் 5,000. சங்கத்துப் பட்டியலில் பெயர் விட்டுப்போனால் எங்கள் ஊர்ப் பெண்கள் விடமாட்டார்கள். "எம் பேரு எங்க?" என்று மீன்வளத் துறை அலுவலகத்தில் போய் நிற்பார்கள். அதில் ஒரு கூச்சமும் கிடையாது. நியாயமான பணம், கேட்கிறார்கள்.

அதே வீட்டுப் பையன் கம்பெனியில் வேலை போய் வந்தால் மட்டும் மூச்சு விடக் கூடாது. தடைக்காலம் ஊருக்கே வருகிறது, வேலை போவது ஒருத்தனுக்கு வருகிறது என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஊரோடு சேர்ந்து சும்மா இருந்தால் அது ஓய்வு. தனியாகச் சும்மா இருந்தால் பேச்சு.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் 6 வருடம் வேலை. பர்மனென்ட். பிடித்தம் போவதற்கு முன் சம்பளம் 18,000. ஆர்டர் குறைந்ததும் முதலில் ஓவர்டைம் நின்றது, அப்புறம் ஒரு ஷிப்ட் நின்றது, அப்புறம் ஒவ்வொருவராக எச்.ஆர். அறைக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

உள்ளே மேஜையில் ஒரு தாள் தயாராக இருந்தது. என் பெயர், பணியாளர் எண் எல்லாம் அச்சடித்தாகிவிட்டது. "சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்" என்று இரண்டு வரி. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. தேதி மட்டும் காலி. பக்கத்திலேயே மூடி கழற்றிய பேனா. எச்.ஆர். பையன் என்னைவிடச் சின்னவன், குரலைத் தாழ்த்தி ரொம்ப அக்கறையாகத்தான் பேசினான். "அண்ணா, ரிசைன்னு போட்டுக் குடுத்துட்டீங்கன்னா ரெண்டு மாசச் சம்பளம் ஒரே வாரத்துல வந்துரும். எக்ஸ்பீரியன்ஸ் சர்ட்டிபிகேட் நல்லா தருவோம். டெர்மினேஷன்னு போச்சுன்னா அடுத்த எடத்துல எடுக்க மாட்டாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

எங்கள் லைனில் ஒரு மூத்த அண்ணன் உண்டு. மதுரைப் பக்கம் ஒரு மில்லில் தொழிற்சங்கத்தில் இருந்து, மில் மூடியபின் இங்கே வந்தவர். அவர் முந்தின வாரமே சொல்லியிருந்தார்: "தம்பி, எழுதிக் குடுத்துறாத. அனுப்புறது அவங்கன்னா எழுத வேண்டியதும் அவங்கதான்." அந்த வாக்கியம் காதில் இருந்தது. "யோசிச்சுச் சொல்றேன்" என்று வெளியே வந்துவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி ரூமில் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. நீங்களும் உங்கள் எண்ணை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். ரிசைன் செய்தால் கம்பெனி தருவது 36,000. ரிசைன் செய்யாமல் அவர்களே ஆட்குறைப்பு என்று அனுப்பினால், ஓராண்டு தொடர்ந்து வேலை செய்த தொழிலாளிக்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது அந்த மாதச் சம்பளம் உண்டு. அது 18,000. முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு உண்டு. குத்துமதிப்பாக அரை மாதம் என்று வைத்தாலே 6 வருடத்துக்கு 54,000. இத்தோடு சம்பளத்தில் பிடிக்கும் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.-யிலிருந்து வேலையிழப்பு நிவாரணம், அது என் கணக்குப்படி 26,000 சொச்சம். கூட்டினால் 98,000-க்கு மேல். 5 வருடம் முடிந்திருந்ததால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) எனக்கு எப்படி வெளியேறினாலும் உண்டு, அதை இரண்டு பக்கமும் சேர்க்கவில்லை. ஆக, அந்தப் பேனாவை எடுத்திருந்தால் 62,000 ரூபாயைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்திருப்பேன்.

எல்லோருக்கும் கணக்கு இப்படியே வரும் என்று சொல்லவில்லை. 2 வருடம் மட்டும் வேலை செய்தவனுக்குக் கம்பெனி மூன்று மாதச் சம்பளம் தருகிறேன் என்றால் வாங்கிக்கொண்டு கிளம்புவது புத்திசாலித்தனமாகக்கூட இருக்கலாம். எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்து செய்தால் போதும். எங்கள் லைனில் முக்கால்வாசிப் பேர் தெரியாமல் செய்தார்கள். "டெர்மினேஷன்" என்ற சொல்லுக்குப் பயந்து செய்தார்கள். ஆட்குறைப்பு வேறு, ஒழுங்கு நடவடிக்கையில் நீக்குவது வேறு. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுப் பயமுறுத்துவது எச்.ஆர். அறைகளில் வழக்கமாகிவிட்டது.

இழுபறிக்குப் பிறகு கம்பெனி ஆட்குறைப்புக் கடிதம் கொடுத்தது. ஒரு பக்கம்தான். அதில் "உற்பத்தி குறைந்ததால்" என்ற காரணமும் கடைசி வேலை நாளும் இருந்தன. இந்தக் காலத்தில் அந்த ஒரு பக்கத்துக்கு இருக்கிற மதிப்பு டிகிரி சர்ட்டிபிகேட்டுக்குக்கூட இல்லை.

இனி இ.எஸ்.ஐ. விஷயம். இ.எஸ்.ஐ. என்றால் மாத்திரை வாங்கும் இடம் என்றுதான் எங்களில் பலருக்கு நினைப்பு. சம்பளத்தில் நம் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம் மாதாமாதம் போகிறது. அதில் வேலையிழந்தவருக்கென்றே அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்று ஒரு திட்டம் 2018 ஜூலையில் ஆரம்பித்தார்கள். பெயரை வாயில் நுழைய வைப்பதற்குள் பாதிப் பேர் விண்ணப்பத்தை மறந்துவிடுவார்கள். தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கு ஒரு தமிழ்ப் பெயர் வைத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று தெரியவில்லை. நான் அடல் திட்டம் என்றே சொல்கிறேன். ஆரம்பத்தில் தினசரிச் சராசரிச் சம்பளத்தில் 25 சதவீதம் தந்தார்கள். கொரோனா நேரத்தில், 2020 மார்ச் 24 முதல், அது 50 சதவீதமானது. அதிகபட்சம் 90 நாள். வாழ்நாளில் ஒரு முறைதான். குறிப்பிட்ட காலத்துக்கென்று அறிவித்து அவ்வப்போது நீட்டித்துக்கொண்டே வருகிற திட்டம் இது, அதனால் விண்ணப்பிக்கும்போது அது நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

யாருக்குக் கிடைக்கும்? குறைந்தது 2 வருடம் இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள வேலையில் இருந்திருக்க வேண்டும். இ.எஸ்.ஐ.-க்கு வருடம் இரண்டு துண்டு: ஏப்ரல் முதல் செப்டம்பர் ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் ஒன்று. வேலை போவதற்குச் சற்று முந்தைய துண்டில் 78 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று துண்டுகளில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள் இருக்க வேண்டும். அப்புறம் முக்கியமானது: தானாக வேலையைக் கைவிட்டவர், விருப்ப ஓய்வில் போனவர், ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர், ஓய்வு வயதை எட்டியவர் ஆகியோருக்குக் கிடையாது.

அந்தத் தாளின் இரண்டு வரி எங்கே போய்க் குத்துகிறது என்று இப்போது புரிகிறதா? கம்பெனி ஒருவருடைய பிடித்தத்தை நிறுத்தும்போது இ.எஸ்.ஐ. இணையதளத்தில் ஒரு காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேலையை விட்டார் என்பது ஒரு காரணம். ஆட்குறைப்பு என்பது தனியாக இன்னொரு காரணம். கம்பெனியில் ஒரு கிளார்க் எதை அழுத்துகிறார் என்பதில் நம் பணம் தொங்குகிறது. கையில் கடிதம் இருந்தால் அவர் தவறாக அழுத்தினாலும் நாம் பேச முடியும். ரிசைன் கடிதம் நம் கையெழுத்தோடு அவர்களிடம் இருந்தால், அவர் அழுத்தியதே சரி.

தொகை எப்படி வருகிறது என்றால், கடைசி நான்கு துண்டுகளில், அதாவது 2 வருடத்தில், வாங்கிய மொத்தச் சம்பளத்தை 730 நாளால் வகுக்க வேண்டும். எனக்கு 18,000-ஐ 24 மாதத்தால் பெருக்கினால் 4,32,000. வகுத்தால் நாளுக்கு 592 கிட்ட. அதில் பாதி 296. 90 நாளுக்கு 26,600 சொச்சம். எனக்கு வந்தது இதைவிடக் கொஞ்சம் குறைவுதான், சம்பளமில்லா விடுப்பு எடுத்த நாட்கள் நடுவில் இருந்தன. விண்ணப்பிக்க வேலை போய் 30 நாள் ஆகியிருக்க வேண்டும். முன்பு 90 நாள் காத்திருக்க வேண்டியிருந்தது, அதையும் கம்பெனி வழியாகத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பிவிட்ட கம்பெனியிடமே போய்க் கையெழுத்துக்கு நிற்பது எவ்வளவு கொடுமை என்று யாருக்கோ உறைத்திருக்கிறது, 2020-இல் இரண்டையும் மாற்றினார்கள். இப்போது நாமே இணையத்தில் போடலாம்.

நாமே போடலாம் என்று எழுதுவது சுலபம். இராமநாதபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து போட்டோம். அங்கே இருந்த தங்கச்சிக்கு சாதிச் சான்றிதழும் பட்டாவும் தூக்கத்தில்கூடப் போடத் தெரியும். இது மட்டும் புதுசு. "அண்ணே, இப்படி ஒண்ணு இருக்குன்னு இன்னைக்குத்தாண்ணே பாக்குறேன்" என்றாள். முதல் முட்டுக்கட்டை ஓ.டி.பி. ஆதாரில் இருந்த எண் ஒரகடம் போன புதிதில் வாங்கிய சிம், எப்போதோ செத்துவிட்டது. அதை மாற்றிவிட்டு வந்தால் அடுத்தது பெயர். ஆதாரில் என் பெயருக்குப் பின்னால் இனிஷியல். கம்பெனிப் பதிவில் முன்னால் இனிஷியல். வங்கிக் கணக்கில் அப்பா பெயர் முழுதாக, அதுவும் ஓர் எழுத்து கூடுதலாக. மூன்றும் நான்தான் என்று எனக்குத் தெரியும், எங்கள் ஊருக்கே தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. குடும்பப் பெயர் இல்லாத ஒரு மாநிலத்தை, குடும்பப் பெயர் கேட்கிற ஒரு கட்டத்துக்குள் அடைக்கப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு தமிழனும் ஏதாவது ஒரு விண்ணப்பத்தில் தன் அப்பாவாக மாறியிருப்பான்.

சரிசெய்து, ஆதாரும் வங்கி விவரமும் ஏற்றி, போட்டோம். ஏற்ற முடியாதவர்கள் அச்செடுத்துக் கையெழுத்திட்டு இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுக்கலாம். நான் கையோடு அச்சும் எடுத்து, ஆட்குறைப்புக் கடிதத்தின் நகலைச் சேர்த்துக் கிளை அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். அங்கே இருந்தவர் தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இந்தக் கிளெய்முக்கு ஆளுங்க வர்றதே இல்லைப்பா" என்றார். வருத்தமாகத்தான் சொன்னார், விரட்டுவதாகத் தோன்றவில்லை. பணம் நேரே வங்கிக் கணக்கில் ஏறியது. இடையில் கம்பெனியிலிருந்து ஒரு விவரம் கேட்டு எழுதினார்கள் என்பதால் தாமதம். நிவாரணம் வாங்கும் காலத்தில் இ.எஸ்.ஐ. வைத்தியமும் உண்டு என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். வேறு வேலை கிடைத்துவிட்டால் நிவாரணம் நின்றுவிடும்.

என்னோடு வெளியே வந்த சூப்பர்வைசர் ஒருவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. அவர் சம்பளம் 24,000. இ.எஸ்.ஐ.-க்கு உச்சவரம்பு மாதம் 21,000, 2017 ஜனவரியில் வைத்தது. பதவி உயர்வு வந்தபோது லைன் முழுக்க லட்டு கொடுத்தவர், அந்தத் துண்டு முடிந்ததும் இந்தக் காப்பிலிருந்து வெளியே வந்துவிட்டார் என்பது அவருக்கும் தெரியாது, லட்டு தின்ற எங்களுக்கும் தெரியாது. இன்னொரு பக்கம், கான்டிராக்ட் பையன்கள். ஆட்குறைப்பு இழப்பீடு என்று அவர்கள் வாய் திறந்தால் கான்டிராக்டர் போனையே எடுக்கமாட்டார். ஆனால் சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் அடல் திட்டம் அவர்களுக்கும் உண்டு. ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவனுக்கு இதை இந்தியில் சொல்லிப் புரியவைக்க நான் பட்ட பாடு தனிக் கதை.

ஊரில் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. மாமா ஒருவர் "எம்ப்ளாய்மென்ட் ஆபீசுல எழுதிப் போடு, கவர்மென்ட்டு மாசாமாசம் குடுக்குது" என்று விடாமல் சொன்னார். அவர் சொன்னது தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை. அது வேலை போனவனுக்கு உரியது இல்லை, வேலையே கிடைக்காமல் பதிவு செய்துவிட்டு 5 வருடம் காத்திருந்தவனுக்கு உரியது. பத்தாவது தவறியவருக்கு மாதம் 200, தேறியவருக்கு 300, பன்னிரண்டாவதுக்கு 400, பட்டதாரிக்கு 600. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-க்குள் இருக்க வேண்டும், வயது 40-க்குள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 45. மூன்று வருடம் தருவார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு விதிகள் தளர்வு, தொகையும் அதிகம். மற்றவர்களுக்கு மாதம் 200 ரூபாய் என்றால் இராமநாதபுரம் போய்வர பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாகப் போய்விடும். மாமாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை, சரி மாமா என்றேன்.

பி.எஃப். பற்றியும் எல்லோரும் கேட்பார்கள். அது நிவாரணம் கிடையாது, நம் சேமிப்பு. அதை எடுப்பதையே வேலையிழப்புப் பணம் என்று நினைத்துக்கொண்டு, உண்மையான நிவாரணத்தை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. 5 வருடத்துக்குள் 50,000-க்கு மேல் எடுத்தால் வரி பிடிப்பார்கள். பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால், 10 வருடம் முடித்து ஓய்வூதியம் வாங்கும் கணக்கு திரும்பவும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். பணமாக எடுக்காமல் ஸ்கீம் சர்ட்டிபிகேட் வாங்கி வைத்துக்கொண்டால் அந்த வருடங்கள் தப்பும். கம்பெனி விலகல் தேதியைப் பதியாமல் இழுத்தடித்தால், கடைசிப் பங்களிப்பு முடிந்து இரண்டு மாதம் கழித்து நாமே பதியலாம். இவ்வளவு போதும்.

வளைகுடாவைச் சொல்லாமல் இராமநாதபுரம் கடற்கரையைப் பற்றி எழுத முடியாது. கீழக்கரை, பெரியபட்டினம், புதுமடம், பனைக்குளம், தொண்டி, எங்கே போனாலும் வீட்டுக்கு ஒருவர் அக்கரையில் இருப்பார். பெரியபட்டினத்து நண்பன் ஒருவன் துபாயில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தான். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2023 ஜனவரி 1 முதல் வேலையிழப்புக் காப்பீடு கட்டாயம். அடிப்படைச் சம்பளம் 16,000 திர்ஹம் வரை இருந்தால் மாதம் 5 திர்ஹம், அதற்கு மேல் இருந்தால் 10. அதில் சேராவிட்டால் 400 திர்ஹம் அபராதம். நம் ஆட்கள் பெரும்பாலும் அபராதத்துக்குப் பயந்துதான் கட்டினார்கள். அதிலிருந்து பணம் திரும்பி வரும் என்று யாரும் நினைக்கவில்லை. "மாப்ள, அது என்னமோ கவர்மென்ட்டு வசூலுன்னு நெனச்சேன்" என்றான்.

குறைந்தது 12 மாதம் தொடர்ந்து கட்டியிருந்தால், வேலை போனதும் அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம், ஒரு தடவைக்கு மூன்று மாதம் வரை. வேலை போன 30 நாளுக்குள் கேட்க வேண்டும். ராஜினாமா செய்திருக்கக் கூடாது, ஒழுங்கு நடவடிக்கையில் போயிருக்கக் கூடாது. வீட்டு வேலை செய்பவர்களுக்கு இந்தத் திட்டம் கிடையாது, எங்கள் பக்கத்திலிருந்து டிரைவராகவும் சமையலுக்கும் வீடுகளுக்குப் போனவர்கள் இதில் வரமாட்டார்கள்.

இதில் எங்கள் ஊர்க்காரர்கள் தடுக்கி விழும் இடம் இன்னொன்று: நாட்டை விட்டுக் கிளம்பிவிட்டால் பணம் கிடையாது. வேலை போய்விட்டது என்று தெரிந்ததும் வீட்டிலிருந்து வரும் முதல் வார்த்தை "கெளம்பி வா"தான். நண்பனின் உம்மாவும் அதைத்தான் சொன்னார்: "வந்துரு வாப்பா, வேல இல்லாத ஊருல எதுக்குச் சும்மா கெடக்க. இங்க கஞ்சியோ தண்ணியோ குடிச்சுக்கலாம்." கம்பெனியும் டிக்கெட்டை உடனே எடுத்துத் தருகிறேன் என்றது, ஒரு ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் காகிதம் சீக்கிரம் முடியும் என்றது. ஒரகடத்தில் கேட்ட அதே பாட்டுதான், அரபு மெட்டில்.

அங்கே இன்னொரு நெளிவும் உண்டு. மொத்தச் சம்பளம் 2,400 திர்ஹம் என்பார்கள், ஒப்பந்தத்தில் அடிப்படை 1,200 மட்டும் இருக்கும், மீதி தங்குமிடம், போக்குவரத்து என்று பிரித்துக் காட்டியிருப்பார்கள். 60 சதவீதம் என்பது 1,200-க்குத்தான், அதாவது மாதம் 720. பெட் ஸ்பேஸ், அதாவது அறையில் ஒரு கட்டில் இடத்துக்கான வாடகையும் சாப்பாடும் போனால் மிஞ்சுவது சொற்பம். அதனால் தங்குவது எல்லோருக்கும் கட்டுப்படியாகும் என்று நான் சொல்லமாட்டேன். என் நண்பனுக்குக் கீழக்கரைக்காரர் ஒருவர் அறையில் இடம் கிடைத்தது, விசா ரத்தான பிறகு தங்க அவகாசமும் இருந்தது. தங்கினான், கேட்டான், பணம் வந்தது. அதற்குள் சார்ஜாவில் வேறு வேலை அமைந்தது, அத்தோடு காப்பீட்டுப் பணம் நின்றது. அவனோடு ஒரே நாளில் வேலை போன இன்னொருவர் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு அந்த வாரமே ஊருக்கு வந்துவிட்டார். இப்போது பள்ளிவாசல் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார். கேட்டால் அவரும் அதே பதில்தான் சொல்கிறார். அவர் விஷயத்தில் காகிதமும் அதையே சொல்கிறது.

போன மாதம் சித்தி மகள் திருப்பூரிலிருந்து வந்திருந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, ஏற்றுமதி ஆர்டர் இல்லை என்று ஒரு பிரிவையே அனுப்பியிருக்கிறார்கள். "நீ எழுதிக் குடுத்தியா?" என்று முதலில் கேட்டேன். "இல்லண்ணே, நீதான் எழுதக் கூடாதுன்னு சொன்னேல்ல" என்றாள். சந்தோஷமாக அவள் இ.எஸ்.ஐ. எண்ணைப் போட்டுப் பார்த்தோம். 78 நாள் இரண்டு துண்டிலும் இருக்கிறது. காரணமும் சரியாகப் பதிவாகியிருக்கிறது. ஆனால் சேர்ந்த தேதியிலிருந்து எண்ணினால் 2 வருடம் முடிய ஏழு வாரம் குறைகிறது. முதல் சில மாதம் "ட்ரெய்னிங்" என்று சொல்லி இ.எஸ்.ஐ. பிடிக்காமலே வேலை வாங்கியிருக்கிறார்கள். அந்த மாதங்களைப் பிடித்திருந்தால் இன்றைக்கு அவளுக்கு நிவாரணம் உண்டு. அந்த மாதங்களுக்குச் சம்பளம் வந்ததற்கு வங்கிக் கணக்கு சாட்சி இருக்கிறது, அதை வைத்து இ.எஸ்.ஐ.-க்குப் புகார் எழுதலாம் என்றேன். "புது எடத்துலயும் தெரிஞ்சவங்கதான்ணே இருக்காங்க, இப்ப வேணாம்" என்றாள். வற்புறுத்தவில்லை.

அடுத்த திங்கட்கிழமை வேறொரு கம்பெனியில் சேருகிறாள். சேரும் படிவத்தில் ஏற்கெனவே இ.எஸ்.ஐ. எண் உண்டா என்று ஒரு வரி இருக்கும், இல்லை என்று டிக் அடித்துப் புது எண் போட்டுக்கொடுப்பது அங்கே வாடிக்கை. பழைய எண்ணையே எழுதச் சொல்லி, அதை அவள் போனில் சேமித்தும் கொடுத்திருக்கிறேன்.